சிவப்புக் கோடு போட்ட ‘ப’

கெட்டி மட்டை போட்ட ஒரு சீஆர் கொப்பி என்னிடம் இன்னும் இருக்கிறது. அதற்கு இரண்டு முகப்பு. ஒரு பக்கமாகத் திறந்தால் ஆங்கிலத்தில் கேள்விகள்: சிறுநீரகம் அமிலத்தை எப்படி வெளியேற்றுகிறது, இதயத்தின் இரண்டாம் ஒலி எப்போது பிளவுபடும். கொப்பியைக் கவிழ்த்துப் பின்பக்கமாகத் திறந்தால் தமிழ் எழுத்தில் சிங்களம். ‘கொஹெத ரிதென்னே’ என்றால் எங்கே நோகிறது. ‘ஹுஸ்ம கன்ன’ என்றால் மூச்சை இழுங்கள். அந்தப் பக்கத்தில் சில எழுத்துகளின் கீழே மட்டும் சிவப்புப் பேனையால் சின்னக் கோடு. இரண்டும் இரு முனைகளிலிருந்து வளர்ந்து, நடுவில் நாலைந்து வெற்றுத் தாள்களை மிச்சம் விட்டு நிற்கின்றன. வீடு மாறும்போதெல்லாம் பழைய புத்தகங்களைக் கடைக்குப் போட்டிருக்கிறேன். இதைப் போட மனம் வரவில்லை.

யாழ்ப்பாணத்தில் படித்து முடித்து, திருகோணமலைவரை கப்பலிலும் அங்கிருந்து பஸ்ஸிலுமாகக் கொழும்புக்கு இன்டர்ன்ஷிப் செய்ய வந்து இறங்கியபோது எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம். வகுப்பில் முன்வரிசைப் பிள்ளை. பரீட்சை என்றால் பயமில்லை. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆண்கள் மருத்துவ வார்டில் போட்டார்கள். முதல் நாள் காலை முதலாம் கட்டிலுக்குப் போய் நின்றேன். அதில் இருந்த மனிதர் ஐந்து நிமிடம் ஏதோ சொன்னார். வயிற்றைத் தொட்டார், கூரையைப் பார்த்தார், கடைசியில் அழுதார். எனக்கு ஒரு சொல் விளங்கவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது என்பார்கள்; எனக்குக் காதைக் கட்டி விட்டிருந்தார்கள். “ஓம், ஓம்” என்று தலையாட்டிவிட்டு இரண்டாம் கட்டிலுக்குப் போனேன். அங்கேயும் அதே கதை.

மேற்படிப்புக்கான நுழைவுப் பரீட்சையை முதல் தடவையிலேயே பாஸ் பண்ணவேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றதற்குப் படிப்பு ஆசை மட்டும் காரணமில்லை. அப்பா இல்லை. அம்மா போரில் இடம்பெயர்ந்து வன்னியில், கிளிநொச்சிக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடத்தின் பின்பக்கத்தில் தறப்பாள் கொட்டிலில் இருந்தார். கடிதம் வர ஒரு மாதம், சில நேரம் இரண்டு மாதம். வன்னியிலிருந்து எப்படியாவது அரசாங்கப் பக்கமிருந்த வவுனியாவுக்கு வந்து சேர்ந்தால், கொழும்பில் நிலையான வேலையும் விலாசமும் உள்ள ஒருவர் பொறுப்பு நின்று கூட்டிவரலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். இன்டர்ன்ஷிப் முடிந்ததும் எங்களை நாட்டின் எந்த மூலைக்கும் அனுப்புவார்கள். பரீட்சையில் தேறினால் மட்டும் பயிற்சிக்காகக் கொழும்பில் சில வருடம் வைத்திருப்பார்கள். ஆகவே என் கணக்கு நேரானது. பரீட்சை, கொழும்பு, அம்மா. முதலாவது தவறினால் மற்ற இரண்டும் இல்லை.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒரு ஒழுங்கையில் எனக்கு ஒரு பின் அறை கிடைத்தது. ரயில் போனால் மேசை நடுங்கும்; பேனை உருண்டு விழும். எந்த ரயில் எத்தனை மணிக்கு என்று உடற்கூற்றைவிட நன்றாக எனக்குப் பாடம். கடற்காற்றில் ஸ்டெதஸ்கோப்பின் உலோகம்கூடப் பச்சை பிடித்தது. விடியும்போது சந்திச் சைவக்கடையில் சாம்பார் கொதிக்கிற மணம் ஒழுங்கை முழுக்க வரும். படித்துக் காய்ந்த தலைக்கு அந்த மணமே பாதிச் சாப்பாடு. இன்றைக்கும் அந்த வழியாகப் போனால் மூக்கு முதலில் நின்றுவிடுகிறது.

வீட்டுக்கார அன்ரிக்கு என்னைப் பற்றி ஒரே கவலைதான். வடக்கிலிருந்து வந்து தங்கியிருக்கிறவர்கள் பொலிஸில் பதிந்து, அந்தத் துண்டைக் கையோடு கொண்டு திரியவேண்டும்.

“பிள்ளை, பதிவுத் துண்டு பையுக்கை இருக்கே?”

“ஓம் அன்ரி.”

“நேற்றும் ஓம் எண்டுதான் சொன்னனீ. துண்டு மேசையிலை கிடந்து என்னைப் பாத்துச் சிரிச்சுது.”

வார்டில் என்னோடு இன்னொரு இன்டர்ன் இருந்தாள். மாத்தறைப் பக்கத்துச் சிங்களப் பெண். நெடுநெடுவென்ற உயரம். சிரித்தால் பக்கத்து வார்டுக்குக் கேட்கும். ஆங்கிலத்தில்தான் இருவரும் பேசிக்கொள்வோம். அவளுடைய ஆங்கிலத்தில் மூன்று சொல்லுக்கு ஒரு ‘மச்சாங்’ விழும். அவளும் அதே பரீட்சைக்குத்தான் படித்தாள். ஆனால் உடற்றொழிலியல் என்றால் அவளுக்கு வேப்பெண்ணெய். சிறுநீரகப் பாடத்தைத் திறந்ததும் கொட்டாவி விடுவாள்.

முதல் கிழமையே அவள்தான் பேரம் பேசினாள்.

“நீ எனக்குச் சிறுநீரகத்தைச் சொல்லித்தா, மச்சாங். நான் உனக்குச் சிங்களம் தருகிறேன். யாருக்கும் நட்டமில்லை.”

மத்தியானம் சோற்றுப் பார்சல் சாப்பிட எங்களுக்கு அரை மணித்தியாலம் கிடைக்கும், அதுவும் எந்தக் கட்டிலும் கூப்பிடாவிட்டால். டொக்டர்மாரின் அறையில் ஒரு கால் குட்டையான மேசை. அவள் பார்சலில் கருவாடு, என் பார்சலில் பருப்பு. இடது கையால் தாளைப் பிடித்துக்கொண்டு வலது கையால் சாப்பிடுவோம். முதல் கால் மணி என் பாடம், அடுத்த கால் மணி அவள் பாடம். கொப்பியின் எல்லாத் தாளிலும் பருப்புக் கறை இருக்கிறது. பாடத்தில் கவனம் இருந்ததற்கு அதைவிட வேறு சாட்சி என்ன?

சிங்கள எழுத்துப் படிக்க நேரமில்லை. அவள் சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுதிக்கொண்டேன். அங்கேதான் வந்தது வில்லங்கம். தமிழில் ஒரு ‘ப’தான். உதட்டை மெல்ல ஊதுகிற ‘ப’வுக்கும், ‘பஸ்’ என்னும்போது அடிவயிற்றிலிருந்து வருகிற கனத்த ‘ப’வுக்கும் அதே எழுத்து. எங்கே மெல்லிசு, எங்கே கனம் என்று எங்களுக்குப் பழக்கத்தில் தெரியும். சிங்களத்தில் எனக்கு என்ன பழக்கம்?

‘பட ரிதெனவத’ என்றால் வயிறு நோகிறதா. நான் மெல்லிசாகவே வாசித்தேன். இரண்டு நாள் முழுக்க, கட்டில் கட்டிலாகப் போய், நோயாளிகளிடம் பட்டு நோகிறதா என்று கேட்டிருக்கிறேன். மெல்லிசாகச் சொன்னால் சிங்களத்தில் அது பட்டு. பாவம், அவர்கள் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு இல்லை என்றார்கள். மூன்றாம் நாள் ஒரு வயதான மனிதரிடம் ‘வதுர பொன்ன’ என்றேன், தண்ணீர் குடியுங்கள் என்ற நினைப்பில். அதையும் மெல்லிசாக. முழு வார்டும் குலுங்கிச் சிரித்தது. அந்த மனிதர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மெல்லிசாகச் சொன்னால் அது ஓர் ஆணைப் பார்த்துச் சொல்லக்கூடாத சொல் என்று தோழி எனக்குச் சொல்லி முடிக்க வெகு நேரம் எடுத்தது. சிரிப்பு அவளை விடவில்லை.

“அடிவயிற்றிலிருந்து சொல், மச்சாங். கனமாக!”

எனக்கு வெட்கமும் கோபமும். முன்வரிசைப் பிள்ளைக்கு வார்டில் இப்படி ஒரு பெயரா? அன்றைக்கே ஒரு சட்டம் போட்டேன்: சிங்களத்தில் ஒரு சொல் ‘ப’வில் தொடங்கினால் கனம்தான். வயிறு கனம், குடிப்பது கனம், மருந்துக்கு ‘பெஹெத்’, அதுவும் கனம், பயத்துக்குப் ‘பய’, அதுவும் கனம். நாலு சொல்லைப் பார்த்து ஒரு மொழிக்கே சட்டம் எழுதிவிட்டேன். புத்திசாலிகள் விடுகிற பிழை இப்படித்தான் இருக்கும். மக்குகளுக்கு இது வராது.

ஒரு முற்பகல், மூச்சுத் திணறி வந்த ஒரு முதியவருக்கு எங்கள் கண் முன்னாலேயே மூச்சு நின்றது. நெஞ்சை அழுத்தி, குழாய் போட்டு, எல்லோருமாகப் போராடித் திரும்பக் கொண்டுவந்தோம். எனக்கு உள்ளே ஒரு குதூகலம். வெளியே விறாந்தையில் அவருடைய மகள் சுடுதண்ணீர்ப் போத்தலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். தோழி கிளினிக்குக்குப் போயிருந்தாள். வழக்கமாக இப்படி விஷயங்களை அவள்தான் போய்ச் சொல்வாள். அன்றைக்கு நானே சொல்லவேண்டும் என்று எனக்கு ஆசை. கொப்பியில் அதற்கான வசனமும் இருந்தது. ‘பய வென்ன எபா. தாம பண தியெனவா.’ பயப்படவேண்டாம், இன்னும் உயிர் இருக்கிறது.

போய் நின்று, சிரித்த முகத்தோடு, ‘பய’, ‘பண’ இரண்டையும் அடிவயிற்றிலிருந்து கனமாகச் சொன்னேன்.

மகளின் கையிலிருந்து போத்தல் விழுந்து உடைந்தது. அவள் விறாந்தையில் அப்படியே சரிந்து, மார்பில் அடித்துக்கொண்டு, அப்பாவைக் கூப்பிட்டு அழத் தொடங்கினாள். பக்கத்தில் நின்ற அவளுடைய ஆட்களும் அழுதார்கள். நான் திகைத்துப்போய், விளங்கவில்லையாக்கும் என்று நினைத்து, இன்னும் கனமாக இன்னொரு தரம் சொன்னேன். ஓலம் கூடியது.

வார்ட் சிஸ்டர் ஓடிவந்துதான் விஷயத்தைப் பிரித்தார். மெல்லிசாகச் சொன்னால் ‘பண’ உயிர். கனமாகச் சொன்னால் பிக்குமார் செய்கிற போதனை. ஒருவர் இறந்தால் ஆறாம் நாள் பிக்கு அந்த வீட்டுக்கு வந்து பண சொல்வார். நான் அந்த மகளிடம், பயப்படவேண்டாம், இன்னும் பண இருக்கிறது என்று சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறேன். அப்பா போய்விட்டார், இனிச் செய்யவேண்டியது அதுதான் என்று அவள் எடுத்துக்கொண்டாள். வேறு எப்படி எடுப்பாள்?

சிஸ்டர் அவளைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போய் அப்பாவின் காலைத் தொட வைத்தார். கால் சூடாக இருந்தது. அவள் திரும்பி வந்து என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்து அழுதாள். அதற்குத் திட்டியிருக்கலாம். சிங்களத்தில் மன்னிப்புக் கேட்கிற சொல் அப்போது என் கொப்பியில் இல்லை. அன்று மத்தியானம் பார்சலைப் பிரிக்கவே இல்லை.

தோழி வந்து கேட்டாள். இந்த முறை அவள் சிரிக்கவில்லை. என் பையிலிருந்து கொப்பியை எடுத்தாள். சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனையை எடுத்தாள். முதலாம் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வசனத்தையும் என்னை வாசிக்கச் சொல்லி, கனத்துச் சொல்லவேண்டிய இடங்களிலெல்லாம் எழுத்தின் கீழே கோடு போட்டாள். அவளுக்குத் தமிழ் எழுத்து ஒன்றும் தெரியாது. நான் விரலால் காட்டக் காட்ட அவள் கோடு இழுத்தாள். வயிற்றுக்குக் கோடு. குடிப்பதற்குக் கோடு. பயத்துக்குக் கோடு. ‘பண’ வந்தபோது பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“இதற்கு இல்லை, மச்சாங். உயிர் மெல்லிசு.”

அதை அவள் இலக்கணமாகத்தான் சொன்னாள்.

அந்த முதியவர் மூன்று கிழமையில் நடந்து வீட்டுக்குப் போனார். போகிற அன்று மகள் ஒரு பெட்டி கெவும் பலகாரம் கொண்டுவந்து என் கையில் தந்து, உதட்டைக் குவித்து, ‘பண’ என்று ஊதிக் காட்டினாள். நானும் ஊதிக் காட்டினேன். அதற்குப் பிறகு எந்த நோயாளியின் ஆட்களிடமும் பேசப் போகுமுன் கதவுக்குப் பின்னால் நின்று ஒரு தரம் ஊதிப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

பரீட்சையின் கதையைச் சொல்லவேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே ஐந்து வசனம். ஒவ்வொன்றும் சரியா பிழையா என்று குறிக்கவேண்டும். சரியாகக் குறித்தால் ஒரு புள்ளி. பிழையாகக் குறித்தால் பெற்ற புள்ளியில் ஒன்று போய்விடும். தெரியாவிட்டால் வெறுமையாக விடலாம், ஒன்றும் குறையாது. அந்தக் காலத்துக் கொழும்பில் தெரியாது என்று சொன்னால் நம்புகிற இடம் அது ஒன்றுதான் என்று நான் பகிடி விடுவேன். கொட்டாஞ்சேனையில் இருந்த ஒரு சீனியர் அண்ணாவிடம் பழைய கேள்விகள் இருந்தன. ஞாயிறு மத்தியானங்களில் நாங்கள் இருவரும் பஸ் ஏறிப் போவோம். கோயில் மணியும் தேவாலய மணியும் மாறி மாறி அடிக்கும் அந்தத் தெருவில், மாடி வீட்டு முன்கூடத்தில் அமர்ந்து கேள்விகளைப் பார்த்து எழுதுவோம். திரும்பும்போது தோழி பஸ்ஸுக்குள் சத்தமாக விடை சொல்லிக்கொண்டு வருவாள்.

அவளுக்கு எதையும் வெறுமையாக விடத் தெரியாது.

“ஏதோ ஒன்று போடு. பாதிக்குப் பாதி சரி வரும். இவ்வளவு பயந்தால் எப்படி டொக்டராக இருப்பாய்?”

“பிழைச்சா?”

“பிழைத்தால் பிழைத்தது!”

எனக்கு அந்தத் துணிச்சல் அந்த விறாந்தையோடு போய்விட்டது. நாலு தெரிந்தால் ஐந்தாவதும் அப்படித்தான் என்று எனக்குள் ஒருத்தி சொல்லும்போதெல்லாம் போத்தல் உடைகிற சத்தம் கேட்கும். வெறுமையாக விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போவேன்.

பரீட்சை அன்று காலை அன்ரி வாசலில் நின்றார்.

“உந்தக் கொப்பியை வைச்சிட்டுப் போ பிள்ளை. தமிழ் எழுத்தைக் கண்டாங்களெண்டா துளைச்சு எடுப்பாங்கள்.”

“கடைசி நேரத்திலை ஒருக்காப் பாக்கவேணும் அன்ரி.”

“ஓராண்டாப் படிச்சது பஸ்ஸுக்கையோ ஏறப்போகுது?”

சொல் கேட்கிற பிள்ளையாக இருந்திருந்தால் கேட்டிருப்பேன். பாதி வழியில், சோதனைச் சாவடியில் எல்லோரையும் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். அடையாள அட்டை சரி. பதிவுத் துண்டு சரி. அன்ரியே பைக்குள் வைத்திருந்தார். ஒரு பொலிஸ்காரர் கொப்பியை எடுத்துப் பின்பக்கமாகத் திறந்தார். பக்கம் பக்கமாகத் தமிழ். இடைக்கிடை சிவப்புக் கோடு.

“மேக மொகக்த?” இது என்ன என்று கேட்டார். பிறகு சிவப்புக் கோடுகளில் விரலை வைத்து, இது ஏதும் இரகசியக் குறியீடா என்றார். குரல் மாறியிருந்தது. மற்றவர்கள் ஏறினார்கள். என் பஸ் புறப்பட்டுப் போனது. பரீட்சை தொடங்க இன்னும் முக்கால் மணித்தியாலம். அது கோடு, உச்சரிப்புக்குப் போட்டது என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். யார் நம்புவார்? எனக்கு அம்மாவின் கொட்டில்தான் கண்ணுக்குள் வந்தது. கொப்பியைக் கொண்டுவந்த என் தலையில் நானே குட்டிக்கொள்ளவேண்டும் போலிருந்தது.

“வாசி,” என்றார்.

கொப்பியை வாங்கினேன். கோடு கண்ட இடத்தில் கனத்து, காணாத இடத்தில் ஊதி, தோழி பழக்கியபடியே வாசித்தேன். உங்கள் பெயர் என்ன? எங்கே நோகிறது? வயிறு நோகிறதா? மூச்சு எடுக்கக் கஷ்டமா? கால் இரண்டும் வீங்கியிருக்கிறதா? தமிழ் எழுத்துக்குள்ளிருந்து தன்னுடைய மொழி புறப்பட்டு வந்ததைக் கேட்டு அந்த மனிதர் வாயைப் பிளந்தார். தோளில் துவக்கோடு காவல் நின்ற இன்னொருவரும் கிட்ட வந்தார். நான் நிறுத்தவில்லை. நிறுத்தப் பயம். எத்தனை நாளாக நோகிறது? குனிந்தால் கூடுமா?

“மகே கொந்த ரிதெனவா, டொக்டர்,” என்றார் பொலிஸ்காரர். தன்னுடைய முதுகு நோகிறதாம்.

அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. நாள் முழுக்க நின்று நின்று வந்த நோ. இடது காலுக்குள்ளும் இறங்குகிறதாம். கேள்விகளை வரிசையாகக் கேட்டேன்; எல்லாம் கொப்பியில் இருந்தன. கட்டாயம் கிளினிக்குக்கு வந்து காட்டச் சொன்னேன். அவர் கையைக் காட்டி அடுத்த பஸ்ஸை நிறுத்தி, என்னை முன்கதவால் ஏற்றி, “மே டொக்டர்ட்ட விபாகயக் தியெனவா” என்று சாரதிக்குக் கத்தினார். இந்த டொக்டருக்குப் பரீட்சை இருக்கிறதாம், கெதியாகப் போகட்டாம். சாரதி பறந்தார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேனா அழுதேனா என்று ஞாபகமில்லை.

மண்டபத்துக்குள் போனபோது கேள்வித்தாள் கொடுத்துச் சில நிமிடம் ஆகியிருந்தது. உள்ளே விட்டார்கள். முன்வரிசையில் இருந்த தோழி திரும்பிப் பார்த்து, ஒரு பெரிய மூச்சு விட்டுவிட்டு எழுதத் தொடங்கினாள். தெரிந்ததைக் குறித்தேன். தெரியாததை விட்டேன். சட்டம் எதுவும் போடவில்லை.

பெயர்ப்பட்டியல் ஒட்டிய அன்று இருவரும்தான் போனோம். என் இலக்கம் இருந்தது. அவளுடையது இல்லை. பலகையை மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் பார்த்தாள். பிறகு என் முதுகில் ஓங்கி ஒரு தட்டு. “வெறுமையாக விட்டுப் பாஸ் பண்ணியவளே!” என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே முகம் கழுவப் போனாள். வர நேரம் எடுத்தது. அவளுக்குச் சிறுநீரகம் சொல்லிக்கொடுத்தவள் நான். துணியவேண்டாம் என்று சொல்லிக்கொடுக்க மட்டும் எனக்கு முடியவில்லை.

அவளுக்கு வவுனியா கிடைத்தது. யாரும் விரும்பி எடுக்காத இடம். அவளுடைய அம்மா மாத்தறையிலிருந்து தொலைபேசியில் அழுதாராம். புறப்படுகிற கிழமை அவள் வெள்ளவத்தைக்கு வந்தாள். சைவக்கடையில் வடையும் பிளேன்டீயும் எடுத்துக்கொண்டு மூலை மேசையில் இருந்தோம். பையிலிருந்து ஒரு புதுச் சீஆர் கொப்பியை எடுத்து வைத்தாள்.

“இப்போது உன்னுடைய முறை. சொல்லு. நான் சிங்கள எழுத்தில் எழுதுகிறேன்.”

எங்கை நோகுது? மூச்சை இழுங்கோ. நாக்கை நீட்டுங்கோ. எல்லாவற்றுக்கும் ‘ங்கோ’ போட்டுத்தான் சொல்லிக்கொடுத்தேன். நோயாளியை ‘நீ’ என்று கதைக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். பத்துப் பக்கம் நிரம்பிய பிறகு பேனையைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

“பண தியெனவா. அதற்கு என்ன?”

“உயிர் இருக்கு.”

“இதைக் கனமாகச் சொன்னால் வேறு ஏதாவது வருமா?”

“இல்லை. நீ எப்பிடிச் சொன்னாலும் விளங்கும்.”

“உய்ரு இருக்கு,” என்றாள். பக்கத்து மேசைக்காரர் தோசையோடு திரும்பிப் பார்த்தார்.

நான் கொழும்பில் பயிற்சியைத் தொடங்கினேன். அம்மாவுக்கு எழுதினேன்: பாஸ், இங்கேதான் நிற்கிறேன், வவுனியாவுக்கு வந்துவிடுங்கோ, மிச்சத்தை நான் பார்க்கிறேன். ஒரு துண்டில் என் பெயரையும் வெள்ளவத்தை விலாசத்தையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் கொட்டை எழுத்தில் எழுதி உள்ளே வைத்தேன். பிறகு காத்திருந்தேன். ஒரு மாதம், இரண்டு மாதம், மூன்று மாதம். கடிதம் இல்லை. அன்ரி என்னிடம் கேட்பதையே நிறுத்திவிட்டார்.

ஒரு பின்னேரம் வார்ட் தொலைபேசிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். வவுனியாவிலிருந்து தோழி.

வாசிப்பவரைத் தவிக்க விட எனக்கு விருப்பமில்லை. ஒரு மகளை விறாந்தையில் தவிக்க விட்டது என் வாழ்நாளுக்குப் போதும். ஆகவே இப்போதே சொல்லிவிடுகிறேன்: அம்மா பிழைத்தார். வன்னியிலிருந்து வரும் வழியில் மலேரியா மூளைக்கு ஏறி, நினைவில்லாமல் யாரோ கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் போட்டிருக்கிறார்கள். பொத்திய கைக்குள் நான் எழுதிய துண்டு. தோழி அதை விரித்தபோது பெயரைப் பார்க்குமுன் கையெழுத்தைப் பார்த்திருக்கிறாள். ஒரு வருடம் மத்தியானம் மத்தியானமாக அவள் கோடு போட்ட கையெழுத்து. அம்மா பிறகு, வெள்ளவத்தைக்குப் பக்கத்தில் பாமன்கடையில், என்னோடு பல வருடம் இருந்தார். “உன்ர சிநேகிதி நல்லாத் தமிழ் கதைக்கிறா. ஆனா ஒரு நாளைக்குப் பத்துத்தரம் எங்கை நோகுது எண்டு கேட்டா. ஒரிடமும் நோகேல்லை எண்டு சொல்ல எனக்கு வெக்கமாப் போச்சு,” என்று வருகிற எல்லோருக்கும் சொல்லுவார்.

ஆனால் தொலைபேசியைக் காதில் வைத்த அந்த நிமிடத்தில் இதில் ஒன்றும் எனக்குத் தெரியாது. அம்மா எங்கே என்றே தெரியாது. அவள் ஆங்கிலத்தில் தொடங்குவாள் என்று பார்த்தேன். ‘மச்சாங்’ வரும் என்று பார்த்தேன். வரவில்லை. கொப்பித்தாள் திரும்புகிற சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக, சொல் சொல்லாக, நோயாளியின் ஆட்களுக்குச் சொல்வதற்கென்று நான் கொடுத்த மரியாதையோடு வாசித்தாள்.

“பயப்படாதீங்கோ. அம்மாவுக்கு உய்ரு இருக்கு.”

நான் தரையில் குந்திவிட்டேன். ஓங்கி அழுதேன், அந்த மகள் அழுதது போலவே. அட்டென்டன்மாரும் நேர்ஸ் மிஸ்மாரும் ஓடிவந்தார்கள். யாரோ செத்துவிட்டார்கள் என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். என்னைத் தூக்கி நிறுத்தி, என்ன நடந்தது, என்ன நடந்தது டொக்டர் என்று சிங்களத்தில் கேட்டார்கள். சொல்ல வாயெடுத்தேன். அந்த எழுத்துக்கு முன்னால் ஒரு கணம் நின்று, உதட்டை மெல்ல ஊதிப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

“அம்மட்ட தாம பண தியெனவா.”